பாதாளச் சாக்கடைக்குப் பணம் யார் தருவது?

சென்ற மாதம் சங்கப் பொதுக்குழுவுக்கு வந்திருந்த அன்பர் ஒருவர், குருகிராம் பக்கம் புதுக் காலனி ஒன்றில் மகனுக்கு மனை பார்த்திருப்பதாகச் சொன்னார். "ரோடு இருக்கு, கரண்ட் இருக்கு. வேறென்ன பார்க்கணும் சார்?" என்று கேட்டார். "சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் ஃபரீதாபாத்தில் வீடு வாங்கி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவன் நான்.

குடிவந்த முதல் மழைக்காலத்திலேயே தெருக்கோடி மேன்ஹோல் பொங்கி வழிந்தது. குழாய் போகும் வழியிலேயே நடந்து பார்த்தேன். காலனி மதிலைத் தாண்டி ஒரு காலி நிலத்தில் அது முடிந்திருந்தது. "அரசாங்கத்தின் பெரிய குழாய் இன்னும் வரவில்லை" என்றார் பில்டர். "அவர் கட்டவேண்டிய பணம் பாக்கி" என்றார்கள் அலுவலகத்தில். ஒன்றரை வருடம் டாங்கர் வைத்து இறைத்தோம்.

அப்போதுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். சாக்கடையில் மூன்று கட்டங்கள் உண்டு. வீட்டிலிருந்து தெருக் குழாய் வரை வீட்டுக்காரர் செலவு. காலனிக்குள் ஓடும் குழாய்கள் பில்டர் செலவு. காலனி வாசலிலிருந்து சுத்திகரிப்பு நிலையம் வரையுள்ள பெரிய குழாயை அரசாங்கம் போடும். ஆனால் அதற்கு உரிய பங்கைப் பில்டர் கட்டவேண்டும். ஹரியானாவின் 1975ஆம் வருட நகர்ப்புறப் பகுதிகள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் இப்படித்தான் வகுத்திருக்கிறது. இங்கே எல்லோரும் 'ஈ.டி.சி.' என்று சொல்லும் வெளி வளர்ச்சிக் கட்டணம் இந்தப் பங்குதான். உள்வேலைக்கு ஈடாக, மதிப்பீட்டில் 25 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதமும் பில்டர் தரவேண்டும்.

ஆக, பில்டர் கட்டுகிறார், அரசாங்கம் போடுகிறது என்று தோன்றும். உண்மையில் ஈ.டி.சி.யை அவர் நம் மனை விலையில் சேர்த்தோ, தனியாகக் கேட்டோ வாங்கிவிடுகிறார். முதல் ரூபாயிலிருந்து கடைசி ரூபாய் வரை நம்முடையது. நம்மிடம் வாங்கியதை அவர் உரிய நேரத்தில் அரசாங்கத்துக்குக் கட்டினாரா என்பதில்தான் சிக்கல். கட்டாவிட்டால் நாம் இரண்டாம் தடவை, டாங்கர்காரருக்குக் கொடுக்கிறோம்.

இந்தப் பெரிய குழாய்க்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்கலாம். சாக்கடை தானாக ஓடவேண்டும். அழுக்கு தங்காமலிருக்க நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். 150 மில்லிமீட்டர் குழாய்க்குச் சுமார் 170 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு கொடுக்கிறோம். சமவெளியில் ரயில் பாதைக்கு நாங்கள் அனுமதித்த ஏற்றமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ரயில் ஏறி இறங்கும். சாக்கடை இறங்க மட்டுமே செய்யும். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 6 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். குழாய் பெரிதாகப் பெரிதாகச் சரிவு குறையும் என்றாலும், தட்டையான ஊரில் ஆழத் தோண்டவேண்டும், அல்லது பம்பு வைத்து மேலே ஏற்றவேண்டும்.

டாங்கர் இதற்கு மாற்று ஆகாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு என்பது பொறியாளர்களின் கணக்கு. 300 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் தினமும் 1,29,600 லிட்டர். 5,000 லிட்டர் டாங்கர் 26 தடவை வரவேண்டும். எங்கள் காலனியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்ததால் பிழைத்தோம்.

அவசரத்தில் யாரையாவது குழிக்குள் இறக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கூடவே கூடாது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அந்த மனிதர் உயிரைக் கொடுக்கவேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய விலை எது?

மனை, வீடு வாங்கும் அன்பர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்கட்டும்.

1. காலனிக்கு லைசென்ஸ் உண்டா? ஈ.டி.சி. பாக்கி இருக்கிறதா? வாய்வார்த்தை போதாது, எழுத்தில் கேளுங்கள்.

2. காலனிக் குழாய் எந்தப் பெரிய குழாயில், எந்த மட்டத்தில் சேருகிறது? பெரிய குழாயின் அடிமட்டம் உயர்ந்திருந்தால் தண்ணீர் நம் பக்கமே திரும்பும்.

3. நிறைவுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா? அந்தத் தேதியிலிருந்து 5 வருடம் சாலை, குடிநீர், சாக்கடைப் பராமரிப்பு பில்டர் பொறுப்பு. பிறகு அவற்றை இலவசமாக அரசாங்கத்திடமோ உள்ளாட்சியிடமோ ஒப்படைக்கவேண்டும். குடியிருப்போர் சங்கம் அவசரப்பட்டு அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளக்கூடாது.

4. குறை தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். 2016ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீடு கைக்கு வந்து 5 வருடத்துக்குள் வசதிகளில் உள்ள குறையை எழுத்தில் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் தம் செலவில் சரிசெய்யவேண்டும்.

எங்கள் விஷயத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பாக்கியின் விவரத்தை வாங்கி, எல்லோரும் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்தபிறகுதான் வேலை நடந்தது. இப்போது குழாய் ஒழுங்காக ஓடுகிறது. டாங்கருக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை. அன்பரின் மகனுக்காவது அந்தச் செலவு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.