பதிவேட்டுக்குக் கால முத்திரை

மழைமானி காட்டிய 24.6 மில்லிமீட்டரைப் பின்னர் ஒருவர் 42.6 எனத் திருத்தினால், காகிதப் பதிவேட்டில் சுரண்டிய தடமாவது எஞ்சும்; கணிப்பொறிக் கோப்பிலோ சுவடே இன்றிப் போகலாம்.

இக்குறைக்கு ஸ்டூவர்ட் ஹாபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்னும் அறிஞர் இருவர் அமெரிக்காவில் 1991-ஆம் ஆண்டு ஒரு பரிகாரம் கண்டனர். கோப்பு முழுவதும் கணித முறையொன்றினால் ‘ஹாஷ்’ எனப்படும் சிறு குறியாகச் சுருக்கப்படுகிறது. கோப்பில் ஓர் இலக்கம் மாறினும் குறி முற்றிலும் வேறாகிவிடும். குறியைக் கொண்டு கோப்பை அறிதலோ இயலாது. இத்தகைய குறியொன்றை அவர்களது நிறுவனம் 1995 முதல் வாரந்தோறும் ‘நியூயார்க் டைம்ஸ்’ விளம்பரப் பத்தியில் வெளியிட்டது. ஊரெங்கும் பரவிய நாளிதழை எவர் திருத்த இயலும்?

2009-இல் தோன்றிய பிட்காயினின் பொதுப் பேரேடு, அதாவது ‘பிளாக்செயின்’, இப்பணிக்கு இன்று பயன்படுகிறது. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு தொகுதியாக வளரும் அதன் பிரதிகள் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் உள்ளன. பல கோப்புகளின் குறிகளை இணைத்து ஒரே குறியாக்கி அதிற் பதிக்கலாம். கோப்பு அலுவலகத்தை விட்டு வெளியேற வேண்டுவதில்லை. ஐயம் எழுங்கால் கோப்பிலிருந்து குறியை மீண்டும் கணித்து, பதிந்ததனோடு ஒப்பிடுவதே சோதனையாகும்.

ஆயினும், அக்கோப்பு அந்நேரத்தில் அவ்வடிவில் இருந்தது என்பதற்கு மட்டுமே இம்முத்திரை சாட்சி. மானியைப் பிழையாகப் படித்திருப்பின் அப்பிழையும் முத்திரை பெறும். அளவெடுத்த அன்றே பதித்தல் வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பதித்தால், இடையில் நேர்ந்த திருத்தத்தை அது காட்டாது.