திராட்சைச் சக்கை: மட்கிய பிறகே மண்ணுக்கு!

மகாராஷ்டிர மாநிலம் நாசிக்கில் திராட்சை அறுவடை சூடுபிடித்தால், ஒயின் ஆலைகளில் சக்கை குவியும். 100 கிலோ பழத்தைப் பிழிந்தால் தோல், விதை, காம்பு என ஏறத்தாழ 20 கிலோ மிஞ்சும். சாம்பல்சத்து நிறைந்த இந்தச் சக்கையைப் பச்சையாக வயலில் கொட்டக் கூடாது. அதன் புளிப்பும் துவர்ப்பும் விதை முளைப்பைக் கெடுக்கும்.

சக்கையும் மாட்டுச் சாணமும் அடுக்கடுக்காகப் போட்டு, நிழலில் குவிக்க வேண்டும். கையில் பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு ஈரம் போதும். 15 நாள்களுக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். சூடு தணிந்த பிறகே மண்புழு விட வேண்டும். புளிப்பு வாடை போய் மண்வாசனை வந்தால் உரம் தயார். மட்காத விதைகளைச் சலித்து, அடுத்த குவியலில் சேர்க்கலாம்.

சந்தேகமா? ஒரு தொட்டியில் மண்ணோடு இந்த உரத்தைக் கலந்து பச்சைப்பயறு ஊன்றுங்கள். நன்றாக முளைத்தால், தயங்காமல் வயலுக்குப் போடலாம்.