பெயர் கேட்காத படிவம் உங்களைக் காட்டிக்கொடுக்குமா?

டிசம்பர் 31-க்குள் நிரப்பியாக வேண்டும் என்று அலுவலகங்களில் சுற்றுக்கு விடப்படும் ‘ஊழியர் நலன் சர்வே’ பற்றித்தான் இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை. உண்மையை எழுதினால் அப்ரைசலில் எதிரொலிக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். பெயரே கேட்கவில்லையே, பிறகென்ன பயம் என்கிறார்கள் சிலர். எல்லாவற்றுக்கும் ‘திருப்தி’ என்று டிக் அடித்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியில் தெரிந்த களைப்பு மனதை விட்டு அகலவில்லை.

பர்ன்அவுட் எனப்படும் பணிச்சோர்வின் அடையாளங்களை நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தூங்கி எழுந்தும் தீராத அசதி, வேலையின் மீதே வெறுப்பு, இனி நம்மால் முடியாது என்ற எண்ணம்: மூன்றும் சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் அதுதான். உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப்பட்டியலில் சேர்த்துவிட்டது என்று 2019-ல் செய்திகள் வந்தன. அது தவறு. ‘வேலை சார்ந்த நிலை’ என்றுதான் குறித்தார்கள். நோய் என்று சொல்லவில்லை. முறையாகக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தால் வருவது என்பது அவர்களின் விளக்கம். கையாளத் தவறியது யார் என்பதற்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை. பல நிறுவனங்கள் அந்த இடத்தில் ஊழியரை நிறுத்திவிட்டு, யோகா வகுப்புக்கு ஏற்பாடு செய்கின்றன.

இனி விஷயத்துக்கு வருவோம். ‘பெயர் கேட்கவில்லை’ என்பதும் ‘யாரென்று தெரியாது’ என்பதும் ஒன்றல்ல. படிவம் பெயரை விட்டுவிட்டுப் பிரிவு, பாலினம், வயது வரம்பு, எத்தனை ஆண்டு அனுபவம், எந்த ஊர் அலுவலகம் என்று ஐந்து விவரங்களைக் கேட்கிறது. ஐந்தும் ஒருசேரப் பொருந்துபவர் அந்தக் கட்டடத்தில் ஒருவராகத்தான் இருப்பார்.

இதைத் தடுக்கத்தான் குறைந்தபட்ச எண்ணிக்கை வைத்திருக்கிறோம், பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவைக் காட்டவே மாட்டோம் என்று சர்வே நடத்துபவர்கள் சொல்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கழித்தல் கணக்குக்கு முன் அது நிற்காது. ஒரு டீமில் 11 பேர்: 10 ஆண்கள், ஒரு பெண். ‘வேலைப்பளுவை என்னால் சமாளிக்க முடிகிறது’ என்ற வரிக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தர வேண்டும். டீமின் சராசரி 3 என்று மேனேஜரின் திரையில் தெரிகிறது. அப்படியானால் மொத்தம் 33. அடுத்து அவர் ஆண்களை மட்டும் தேர்ந்தெடுக்கிறார். பத்துப் பேர் இருப்பதால் திரை மறுக்காது, சராசரி 3.2 என்று காட்டும். மொத்தம் 32. மிச்சம் ஒன்று. துளியும் சமாளிக்க முடியவில்லை என்று அந்தப் பெண் சொன்ன பதில் அவர் கைக்கு வந்துவிட்டது. விதி எதுவும் மீறப்படவில்லை, பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை. போன காலாண்டு முடிவையும் இந்தக் காலாண்டு முடிவையும் ஒப்பிட்டால் புதிதாகச் சேர்ந்தவரின் பதிலையும் ஓரளவு இப்படி ஊகிக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘நீங்கள் இன்னும் சர்வேயை முடிக்கவில்லை’ என்று உங்களுக்கு மட்டும் நினைவூட்டல் வருகிறதா? அப்படியென்றால் யார் நிரப்பினார், யார் நிரப்பவில்லை என்ற கணக்கு எங்கோ இருக்கிறது. அந்தக் கணக்கையும் பதில்களையும் தனித்தனியே வைத்திருக்கிறார்களா என்பது நடத்துபவரின் நேர்மையைப் பொறுத்தது. உங்களால் சரிபார்க்க முடியாது.

ஜப்பான் இதைச் சட்டத்தால் கட்ட முயன்றது. 2015 டிசம்பர் முதல் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் ஆண்டுக்கொரு முறை மனஅழுத்தச் சோதனை நடத்துவது முதலாளியின் கடமை. பொதுவாகப் பயன்படும் படிவத்தில் 57 கேள்விகள். அதை நடத்தும் வேலையில், பணிநீக்கம், பதவி உயர்வு அதிகாரம் உள்ள எவரும் கைவைக்கக் கூடாது. முடிவு நேராக ஊழியருக்குத்தான் போகும்; அவர் சம்மதிக்காமல் முதலாளி பார்க்க முடியாது. நம் ஊரில் எந்த எச்.ஆர். துறையும் இவ்வளவு தூரம் யோசித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அங்கேயும் ஒரு ஓட்டை. அழுத்தம் அதிகம் என்று முடிவு வந்தவர் மருத்துவரைச் சந்திக்கலாம், அதன்பின் வேலை நேரத்தைக் குறைக்கவும் வழி உண்டு. அந்தச் சந்திப்புக்கு விண்ணப்பம் போட வேண்டிய இடம் முதலாளி. விண்ணப்பித்த நிமிடமே அதுவரை காத்த ரகசியம் கலைகிறது. விண்ணப்பித்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், பலர் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. உதவி வேண்டுமென்றால் உன்னைக் காட்டிக்கொள் என்று கேட்கும் ஏற்பாடு, உதவி அதிகம் தேவைப்படுகிறவரைத்தான் முதலில் விரட்டும். நம் நிறுவனங்களின் ‘கவுன்சலிங் வசதி’க்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: முன்பதிவு யார் வழியாக நடக்கிறது?

இந்தியச் சட்டம் கைகொடுக்குமா? 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கும் பொறுப்பை மருத்துவத் தரப்பின் மீது வைக்கிறது, எச்.ஆர். சர்வேயை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல அது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்கென்று தனிக் காவல் இல்லை. வேலை தொடர்பான சில காரணங்களுக்குச் சம்மதம் கேட்காமலே தரவைக் கையாள முதலாளிக்கு இடமும் தருகிறது. ‘உங்கள் தகவல் முழுமையாகப் பாதுகாக்கப்படும்’ என்ற வாசகத்தை நிறுவனத்தின் வாக்குறுதியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படிவம் எதைக் கேட்கவில்லை என்றும் பாருங்கள். தூக்கம், உடற்பயிற்சி, தியானம் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, இந்த வேலைக்கு ஆள் போதுமா, ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு வருகிறதா, முடிவெடுக்கும் உரிமை உண்டா என்று கேட்காத சர்வே, தீர்வு உங்களிடம்தான் இருக்கிறது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. பிரிட்டனில் 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்து ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங் 2024-ல் வெளியிட்ட கட்டுரை, தனிநபருக்கான நலத் திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட மேலான நிலையில் இல்லை என்றே கண்டது. தன்னார்வத் தொண்டுக்கு வாய்ப்புத் தந்தது மட்டும் விதிவிலக்கு. பணிச்சோர்வு குறைய வேலைதான் குறைய வேண்டும், இல்லை ஆள் கூட வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சர்வேயை நிரப்பலாமா? டீம் பெரியது, கேள்விகள் வேலையைப் பற்றியவை என்றால் நிரப்புங்கள். சிறிய டீம் என்றால், கட்டாயமில்லாத சொந்த விவரங்களைக் காலியாக விடுங்கள்.

கடைசியில் வரும் ‘உங்கள் கருத்து’ பெட்டி? உங்கள் நடையை மேனேஜர் அறிவார். நீங்கள் மட்டுமே அறிந்த சம்பவத்தை அங்கே எழுத வேண்டாம்.

‘பர்ன்அவுட்’ என்று மருத்துவச் சான்றிதழ் கிடைக்குமா? நோய்ப்பெயராக அதை எழுத மருத்துவர் தயங்குவார். ஆனால் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு, விடுப்புக்குச் சான்றும் உண்டு.

மீதமுள்ள லீவு ஆண்டு இறுதியில் போய்விடுமா? நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நியமனக் கடிதத்தைப் பாருங்கள், கிடப்பதை இப்போதே எடுங்கள்.

வேலையை விட்டுவிடலாமா? ஒரு வாரமாவது விடுப்பில் இருந்து, தூங்கி எழுந்த பிறகு முடிவெடுங்கள்.

அலுவலகத்துக்குத் தெரியாமல் யாரிடம் பேசுவது? மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416: கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் சர்வே, அப்ரைசல் எதையும் யோசிக்காமல் இன்றே அழையுங்கள்.