இனார்கானிக் கெமிஸ்ட்ரி: கடம் அடித்தால் போதுமா?

“ஆர்கானிக்ல மெக்கானிசம் இருக்கு. பிசிக்கல்ல கணக்கு இருக்கு. இனார்கானிக்? கடம் அடிச்சா பாஸ்!” பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்ததுமே சீனியர்களிடமிருந்து கிடைக்கும் அறிவுரை இது. செமஸ்டர் தேர்வுவரை ஓரளவுக்கு எடுபடவும் செய்யும். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

எம்.எஸ்சி. சேர்க்கைக்காக ஐஐடிகள் நடத்தும் ‘ஜாம்’ தேர்வில் வேதியியல் தாளுக்கு 60 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 20 கேள்விகளுக்கு ஆப்ஷனே கிடையாது. விடையை எண்ணாகக் கண்டுபிடித்து உள்ளிட வேண்டும். மனப்பாடம் செய்த பத்தி அங்கே உதவாது.

அப்படியானால் எப்படிப் படிப்பது? லேபிலிருந்தே தொடங்கலாம். சால்ட் அனாலிசிஸில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை அமிலக் கரைசலில் செலுத்தினால், காப்பர் கறுப்பு வீழ்படிவாக விழும். அது இரண்டாம் தொகுதி. அதே வாயுவை அம்மோனியா சேர்த்த பிறகு செலுத்தினால் ஜிங்க் வெள்ளையாக விழும். அது நான்காம் தொகுதி. ஒரே வாயுவுக்கு எதற்கு இரண்டு தொகுதி? ரெக்கார்டு நோட்டைப் பக்கம் பக்கமாக நிரப்பியவர்களில் பலர் இதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அமிலத்தில் ஏற்கெனவே ஹைட்ரஜன் அயனிகள் குவிந்திருக்கின்றன. அதனால் வாயு பிரிந்து சல்பைடு அயனி உருவாவது தடைபடுகிறது. காப்பர் சல்பைடின் கரைதிறன் பெருக்கம் மிக மிகக் குறைவு என்பதால், கிடைக்கும் துளியூண்டு சல்பைடே அதற்குப் போதும். ஜிங்குக்குப் போதாது. அம்மோனியா வந்து அமிலத்தைக் காலி செய்ததும் சல்பைடு பெருகுகிறது, ஜிங்கும் விழுகிறது. பிசிக்கல் பேப்பரில் படித்த அதே பொது அயனி விளைவுதான்!

காப்பரும் ஜிங்கும் தனிம அட்டவணையில் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆனால் காப்பர் சல்பேட், அதாவது மயில்துத்தம், நீலம். ஜிங்க் சல்பேட் வெள்ளை. காப்பர் அயனியை நீர் மூலக்கூறுகள் சூழும்போது, அதன் ஐந்து டி-ஆர்பிட்டால்களும் ஒரே ஆற்றலில் இருப்பதில்லை. மேல், கீழ் எனப் பிரிந்துவிடுகின்றன. கீழே இருக்கும் எலக்ட்ரான் ஒளியை உறிஞ்சி மேலே தாவும். உறிஞ்சியது போக மிச்சமுள்ள நிறம்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. காப்பர் அயனியில் 9 டி-எலக்ட்ரான்கள், ஒரு இடம் காலி. ஜிங்க் அயனியில் 10, ஹவுஸ்ஃபுல்! தாவ இடமில்லை, நிறமும் இல்லை.

பயமுறுத்தும் ‘படிகப்புலக் கொள்கை’யின் சாரம் இவ்வளவுதான். மாணிக்கத்தின் சிவப்பு, மரகதத்தின் பச்சை இரண்டுக்கும் பொதுவாகக் காரணம் ஒரே குரோமியம் அயனி. இரண்டிலும் அதைச் சுற்றி 6 ஆக்சிஜன்கள். மாணிக்கத்தில் அந்தப் பிளவு சற்றுப் பெரியது, மரகதத்தில் சற்றுச் சிறியது. அந்தச் சின்ன வித்தியாசத்தில் கல்லின் நிறமே மாறிவிடுகிறது.

அதற்காக மனப்பாடமே வேண்டாம் என்று சொல்வதும் ஏமாற்று வேலை. ஸ்கேண்டியம் முதல் ஜிங்க் வரை 10 தனிமங்கள், அவற்றின் எலக்ட்ரான் அமைப்பு, லிகண்டுகளின் வலிமை வரிசை ஆகியவற்றை நெட்டுருப் போடத்தான் வேண்டும். ஜே.டி.லீயின் ‘கன்சைஸ் இனார்கானிக் கெமிஸ்ட்ரி’யை (பெயரில்தான் சுருக்கம், ஐந்தாம் பதிப்பு ஆயிரம் பக்கத்தைத் தாண்டும்) முதல் பக்கத்திலிருந்து தொடங்கிப் பாதியில் விடுவதைவிட, பிணைப்பு, அணைவுச் சேர்மங்கள் இரண்டையும் முடித்துவிட்டுத் தனிமங்களுக்கு வருவது நல்லது.

புரிந்ததா என்று சோதிக்க ஒரு கேள்வி. 6 டி-எலக்ட்ரான்கள் கொண்ட இரும்பு அயனியை 6 நீர் மூலக்கூறுகள் சூழ்ந்தால் காந்தத் திருப்புத்திறன் சுமார் 4.9 போர் மேக்னட்டான். 6 சயனைடுகள் சூழ்ந்தால் பூஜ்யம். ஏன்? சயனைடு வலிமையானது, பிளவு பெரிது. மேலே ஏற முடியாமல் ஆறு எலக்ட்ரான்களும் கீழேயே ஜோடி சேர்ந்துவிடுகின்றன. நீரில் பிளவு சிறிது, நான்கு எலக்ட்ரான்கள் தனித்து நிற்கின்றன. அந்த 4-ஐ அதைவிட இரண்டு கூடுதலான 6-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், 4.9.