திலேப்பியா ஏரி வைரசுக்கு எதிரான மரபுவழி எதிர்ப்புத்திறன்: மதுரைக் கண்மாய்ப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வளர்ப்பு மீன்களில் வைரஸ் நோய்க்கான எதிர்ப்புத்திறன் பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்குக் கடத்தப்படுகிறது என்பதை அட்லாண்டிக் சால்மன் ஆய்வுகள் நிறுவியுள்ளன. அதே அணுகுமுறை 'கிஃப்ட்' எனப்படும் மேம்படுத்தப்பட்ட நைல் திலேப்பியாவிலும் பயன் தந்துள்ளது. இக்கட்டுரை அவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிட்டு, நோயிலிருந்து பிழைக்கும் திறனும் வைரசைத் தடுக்கும் திறனும் ஒன்றல்ல என்பதை விளக்குகிறது. கண்மாய்கள் நீரால் இணைந்துள்ள மதுரைச் சமவெளியில் இவ்வேறுபாட்டைப் புறக்கணிக்க இயலாது என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: திலேப்பியா, கிஃப்ட், சால்மன், எதிர்ப்புத்திறன், தாங்குதிறன், மரபணுக் குறிப்பான், கண்மாய்

முன்னுரை

மதுரை மாநகரின் தென்பகுதியில் அமைந்துள்ள பழங்காநத்தத்தை அடுத்து மாடக்குளம் கண்மாய் உள்ளது. வைகைச் சமவெளியின் பாசன அமைப்பு இத்தகைய கண்மாய்களால் ஆனது. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது அந்நீர் அடுத்த கண்மாயைச் சென்றடையும். நீருடன் மீனும் செல்லும். மீனுடன் நோயும் செல்லக்கூடும்.

இப்பகுதி மக்கள் 'ஜிலேபி' என்றழைக்கும் மீன் திலேப்பியா இனத்தைச் சேர்ந்தது. 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா, தானாகப் பெருகித் தென்னிந்திய நீர்நிலைகளில் நிலைபெற்றுவிட்டது. அண்மைக் காலமாகப் பண்ணைக்குட்டைகளில் வளர்க்கப்படும் கிஃப்ட் திலேப்பியா அதிலிருந்து வேறுபட்டது. அது நைல் திலேப்பியாவின் தேர்ந்தெடுத்து மேம்படுத்தப்பட்ட வகை. சந்தையில் இரண்டுக்கும் வழங்கும் பெயர் ஒன்றே ஆயினும், மரபியல் நோக்கில் அவை இரு வேறு இனங்கள். கண்மாயில் தானாகப் பெருகும் மீனும் குட்டையில் விலை கொடுத்து வாங்கி விடப்படும் மீனும் ஒரே நீர்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்ளும் சூழலில், நோய் எதிர்ப்பு மரபணு எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பதை ஆராய வேண்டியுள்ளது.

சால்மன் தரும் முன்னுதாரணம்

இவ்வினாவுக்கு முதலில் நார்வே நாட்டு ஆய்வுகளை நோக்குவதற்குக் காரணம் உண்டு. சால்மனில் குடும்பவழித் தேர்வு முறையை வளர்த்தெடுத்த நார்வேயின் அக்வாஃபோர்ஸ்க் நிறுவனமே, 1988இல் பிலிப்பைன்சில் தொடங்கிய கிஃப்ட் திட்டத்திலும் பங்கேற்றது. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து திரட்டிய மீன்களும் ஆசியப் பண்ணை வகைகளும் அத்திட்டத்தின் அடித்தளமாயின. இந்தியாவின் 'ஜெயந்தி' ரோகு உருவாக்கத்திலும் இதே நிறுவனம் ஒத்துழைத்தது.

சால்மன் குஞ்சுகளைத் தாக்கும் தொற்றுக் கணைய அழுகல் நோய் ஒரு வைரசால் உண்டாவது. ஒரே குளத்தில் ஒரே வைரசுக்கு ஆட்பட்ட குடும்பங்களுள் சில ஏறத்தாழ அழிய, சில பெரும்பாலும் பிழைத்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்து, நார்வே ஆகிய நாடுகளின் ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டன: இவ்வேறுபாட்டின் மரபுவழிப் பங்கில் பெரும்பகுதி 26ஆம் குரோமோசோமில் உள்ள ஒரே இடத்தைச் சார்ந்தது.

இதன் நடைமுறைப் பயன் பெரிது. பெற்றோர் மீனின் துடுப்பிலிருந்து சிறு துண்டை எடுத்து அதன் மரபணுக் குறிப்பானைச் சோதித்தால், அம்மீனை வைரசுக்கு ஆட்படுத்தாமலேயே அதன் எதிர்ப்புத்திறனை அறியலாம். எதிர்ப்பு உருவத்தை இரு படிகளாகக் கொண்ட மீன், தன் குஞ்சுகள் அனைத்துக்கும் அதில் ஒரு படியை வழங்கும். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முட்டைகள் 2009 முதல் நார்வேயில் விற்பனைக்கு வந்தன. அவ்வாண்டில் 200க்கும் மேற்பட்டிருந்த நோய்வெடிப்புகள் 2014இல் 50க்கும் கீழே குறைந்தன.

அவ்விடத்தில் செயல்படும் மரபணு எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கேடரின் புரதத்தைப் பற்றிக்கொண்டே வைரஸ் உள்ளே நுழைகிறது என்றும், அப்புரதத்தின் வேறுபாடே எதிர்ப்புக்குக் காரணம் என்றும் 2015இல் நார்வே ஆய்வாளர்கள் விளக்கினர். 2021இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் அதன் அருகிலுள்ள வேறொரு மரபணுவைச் சுட்டினர். காரணம் முழுமையாகத் தெளிவாகும் முன்னரே குறிப்பான் பயனளித்துவிட்டது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

திலேப்பியா ஏரி வைரஸ்

2009ஆம் ஆண்டு முதல் இஸ்ரேலின் நீர்நிலைகளில் திலேப்பியாக்கள் பெருமளவில் மடிந்தன. அதற்குக் காரணமான வைரஸ் 2014இல் அடையாளம் காணப்பட்டது. அதன் மரபுப்பொருள் 10 துண்டுகளாலான ஆர்.என்.ஏ. ஆகும். தாக்குண்ட மீன்களில் சோர்வு, தோல் அரிப்பு, கண்புரை, கல்லீரல் அழற்சி ஆகியவை காணப்படும். அதே குளங்களில் இருந்த கெண்டை மீன்கள் இந்நோய்க்கு ஆட்படவில்லை. இந்தியாவில் மேற்கு வங்கம், கேரளம் ஆகிய மாநிலங்களில் இவ்வைரஸ் இருப்பது 2018இல் அறிவிக்கப்பட்டது. சினை மீனிலிருந்து குஞ்சுக்கும் இது பரவக்கூடும் என்பதால், குஞ்சு பொரிப்பகமே கட்டுப்பாட்டின் முதல் இடமாகிறது.

கிஃப்ட் மீன்களில் கண்டறியப்பட்ட மரபிடம்

மலேசியாவில் வேர்ல்டுஃபிஷ் நிறுவனம் பராமரித்த கிஃப்ட் மீன்களிடையே 2018இல் இந்நோய் இயல்பாகவே வெடித்தது. ஒவ்வொரு மீனும் எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்ற பதிவு இருந்தமையால், அந்த இழப்பு ஆய்வுத் தரவாக மாறியது. 124 குடும்பங்களைச் சேர்ந்த மீன்களை ஆராய்ந்தபோது, பிழைத்தலில் காணப்பட்ட வேறுபாட்டில் மரபுவழிப் பங்கு கணிசமானது எனத் தெரிந்தது. அறுவடை எடைக்கும் பிழைத்தலுக்கும் இடையே குறிப்பிடத்தக்க மரபுத் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே எதிர்ப்புத்திறனைத் தேர்வு செய்வதால் வளர்ச்சி குன்றும் என அஞ்ச வேண்டியதில்லை.

2021இல் வெளியான தொடர் ஆய்வு, 22ஆம் குரோமோசோமில் பெருவிளைவு கொண்ட ஓர் இடத்தைச் சுட்டியது. அங்கு எதிர்ப்பு உருவத்தை இரு படிகளாகக் கொண்ட மீன்களில் இறப்பு 11 விழுக்காடாகவும், பாதிப்புக்கு இடந்தரும் உருவத்தை இரு படிகளாகக் கொண்டவற்றில் 43 விழுக்காடாகவும் இருந்தது. இந்தியாவின் கிஃப்ட் மீன்களும் இதே வழித்தோன்றல்கள். ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் வேர்ல்டுஃபிஷ் ஒத்துழைப்புடன் விஜயவாடாவில் அவற்றைப் பராமரிக்கிறது. எனவே அக்குறிப்பான் இங்குள்ள சினை மீன்களிலும் சோதிக்கத்தக்கது.

பிழைத்தலும் தடுத்தலும்

மலேசிய ஆய்வு அளந்தது மீன் பிழைத்ததா, எந்நாளில் இறந்தது என்பவற்றையே ஆகும். ஒரு மீன் பிழைப்பதற்கு இரு வழிகள் உண்டு. வைரஸ் உடலில் பெருகாமல் தடுப்பது எதிர்ப்புத்திறன். வைரஸ் பெருகினாலும் அதனால் விளையும் கேட்டைத் தாங்கி வாழ்வது தாங்குதிறன். பிழைத்தோர் எண்ணிக்கையில் இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

பண்ணையாளருக்கு இரண்டும் ஒரே பயனைத் தருபவை. அண்டை நீர்நிலைக்கு அவ்வாறில்லை. தாங்குதிறன் மட்டுமே கொண்ட மீன் நலமாகத் தோன்றிக்கொண்டே வைரசை நீரில் வெளியிடலாம். சால்மனில் கணைய நோயிலிருந்து பிழைத்தவை நெடுங்காலம் வைரசைச் சுமக்கும் என்பது நன்கறியப்பட்டது. பண்ணைக்குட்டை மழையில் உடைந்து, அம்மீன்கள் கண்மாயை அடைந்தால், அங்குள்ள ஜிலேபிக்கு அந்த எதிர்ப்பு மரபணு இராது. மறுகால் வழியே அடுத்தடுத்த கண்மாய்களும் ஆட்படக்கூடும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்க்கும், கண்மாய் வற்றும்போது மீன் பிடிக்கும் ஊராருக்கும் நேரும் இழப்பு பண்ணையின் கணக்கில் வராது.

ஆகவே மரபிடத்தை மதிப்பிடும் ஆய்வுகள் இறப்பை மட்டுமன்றி, பிழைத்த மீனின் கல்லீரலிலும் சளியிலும் உள்ள வைரஸ் அளவையும், அம்மீனுடன் ஒரே தொட்டியில் விடப்படும் நோயற்ற மீனுக்குத் தொற்று ஏற்படுகிறதா என்பதையும் அளக்க வேண்டும். பின்னதற்கு மொசாம்பிக் திலேப்பியாவைப் பயன்படுத்தினால், கண்மாய்ச் சூழலுக்கு நேரடியான விடை கிடைக்கும்.

வைரசின் மாற்றம்

ஒரே மரபிடத்தை முழுமையாகச் சார்ந்திருப்பதிலும் இடர் உண்டு. எதிர்ப்பு உருவம் கொண்ட சால்மனிலும் நோய் உண்டாக்கும் கணைய நோய் வைரஸ் திரிபுகள் நார்வேயிலும் சிலியிலும் பின்னர் அறியப்பட்டன. திலேப்பியா ஏரி வைரசின் மரபுப்பொருள் துண்டுகளாக இருப்பதால், இரு திரிபுகள் ஒரே மீனைத் தாக்கும்போது துண்டுகள் இடம்மாறிப் புதிய சேர்க்கைகள் தோன்றவும் வாய்ப்புண்டு. எனவே பெருவிளைவு மரபிடத்துடன், மரபுத்தொகுதி முழுவதிலும் பரவியுள்ள சிறுவிளைவு மரபணுக்களையும் கணக்கிட்டுத் தேர்வு செய்யும் முறையே நீடித்த பயன் தரும்.

முடிவுரை

சால்மன் ஆய்வுகள் காட்டிய வழி திலேப்பியாவுக்கும் பொருந்துகிறது. குடும்பப் பதிவும் மரபணுக் குறிப்பானும் இணைந்தால், சில தலைமுறைகளில் நோயிழப்பைக் குறைக்க இயலும். ஆயினும் சால்மன் குஞ்சுகள் வளரும் மூடிய பொரிப்பகத் தொட்டிக்கும் மறுகால் பாயும் கண்மாய்க்கும் வேறுபாடு உண்டு. பழங்காநத்தம் முதலான பகுதிகளின் மீன்கடைகளுக்கு வரும் ஜிலேபி எக்குட்டையில் வளர்ந்திருப்பினும், அதன் நலம் பொரிப்பகத்தின் சினை மீனையும் அண்டைக் கண்மாயின் நீரையும் ஒருங்கே சார்ந்துள்ளது. வைரஸ் சோதனைக்குட்பட்ட குஞ்சுகள், மழைக்காலத்தில் உடையாத கரை, நீர்ப்போக்கில் வலைத்தடுப்பு ஆகியவற்றுடன் இணையும்போதே எதிர்ப்பு மரபணு முழுப்பயன் தரும். தடுக்கும் மீனையும் தாங்கும் மீனையும் பிரித்தறிவது அதற்கான முதற்படியாகும்.