ஃப்ளாட் வாங்கப் போறீங்களா? கேட்டுக்கு வெளியே இருக்கும் கணக்கையும் பாருங்க!

நீச்சல் குளம், ஜிம், குழந்தைகள் பூங்கா, கார் பார்க்கிங்... அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரத்தில் எல்லாமே இருக்கும். ஆனால், காலை எட்டரை மணிக்கு அத்தனை வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் வண்டியை எடுத்தால் வெளியே இருக்கும் சாலை தாங்குமா என்பது மட்டும் இருக்காது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகவே ஓர் ஆய்வு இருக்கிறது. பொறியாளர்கள் ‘டிராஃபிக் ஸ்டடி’ என்கிறார்கள். தமிழில் போக்குவரத்துத் தாக்க ஆய்வு. மால், மருத்துவமனை, ஐ.டி பார்க், பெரிய குடியிருப்பு என எது வந்தாலும், அது எத்தனை வண்டிகளைச் சாலைக்குக் கொண்டுவரும், அதனால் ஏற்படும் நெரிசலை யார், எப்படிச் சரிசெய்வது என்பதைக் கட்டடம் எழும்பும் முன்பே கணக்குப் போடுவதுதான் இதன் வேலை.

எப்படி எண்ணுகிறார்கள்?

முதலில், இப்போது அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளை எண்ண வேண்டும். காலை, மாலை பரபரப்பு நேரங்களில் பைக், கார், ஆட்டோ, பஸ், லாரி என்று வகை பிரித்துக் குறிப்பார்கள். பைக்கும் பஸ்ஸும் சாலையில் ஒரே அளவு இடத்தைப் பிடிப்பதில்லை. அதனால், எல்லாவற்றையும் ‘பி.சி.யு’ என்ற கார் கணக்குக்கு மாற்றுகிறார்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி) 1990-ல் நகர்ப்புறச் சாலைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியின்படி ஒரு கார் 1 பி.சி.யு. சாலையில் பைக்குகள் 10 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் ஒரு பைக் 0.75. பஸ், லாரிக்கு 2.2 முதல் 3.7 வரை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நகருக்குள் இருக்கும் இருவழித் துணைப் பிரதான சாலை ஒன்றுக்கு, இரு திசைகளையும் சேர்த்து மணிக்கு 1,200 பி.சி.யு வரை என்று அதே வழிகாட்டி பரிந்துரைக்கிறது. அங்கே இப்போது காலையில் 1,000 ஓடுகிறது. பக்கத்தில் வரும் புதிய குடியிருப்பிலிருந்து அதே ஒரு மணி நேரத்தில் 120 கார்களும் 200 பைக்குகளும் வெளியேறுகின்றன. கார்களுக்கு 120, பைக்குகளுக்கு 150. மொத்தம் 1,270 ஆகிவிட்டது. சாலை எல்லையைத் தாண்டிவிட்டது.

இப்படி வந்தால் திட்டத்தையே நிறுத்த வேண்டும் என்பதில்லை. கேட்டை முக்கியச் சாலையிலிருந்து பக்கத்துத் தெருவுக்கு மாற்றலாம். உள்ளே நுழையும் கார்கள் சாலையில் வரிசை கட்டாதபடி, செக்யூரிட்டி தடுப்பை வளாகத்துக்குள் தள்ளி வைக்கலாம். சிக்னல் நேரத்தை மாற்றலாம். சாலையை அகலப்படுத்த மனையிலிருந்தே ஒரு பகுதியை விடலாம். இதெல்லாம் வரைபடமாக இருக்கும்போது சுலபம். கட்டி முடித்த பிறகு எதையும் அசைக்க முடியாது.

கிளாம்பாக்கம் சொல்லும் பாடம்

சென்னைக்காரர்களுக்கு இது கண்ணெதிரே நடந்த கதை. 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் சுமார் 88 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. உள்ளே வசதிகள் தாராளம். ஆனால், திறந்தபோது அதற்கென்று திட்டமிட்ட புறநகர் ரயில் நிலையம் தயாராக இல்லை. மெட்ரோவும் அங்கே வரவில்லை. ரயிலில் வந்தவர்கள் தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று முன்னும் பின்னும் இறங்கி, மூட்டை முடிச்சோடு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. மனைக்குள் இடம் இருந்தால் மட்டும் போதாது, அந்த இடத்துக்கு வந்து சேரும் வழியும் அதே நாளில் தயாராக வேண்டும் என்பதை வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் சிரமப்பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

எங்கே ஓட்டை?

சென்னைப் பெருநகர் பகுதியில் 18.30 மீட்டரைத் தாண்டும் உயரமான கட்டடங்களுக்குப் போக்குவரத்துக் காவல் துறையின் தடையில்லாச் சான்றும் கேட்கப்படுகிறது. 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பைத் தொடும் திட்டங்களுக்கு, 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். வண்டி நிறுத்த இடத் தட்டுப்பாடு வருமா, நுழைவு வாசலில் போக்குவரத்தை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று அந்த விண்ணப்பத்திலேயே கேள்வி உண்டு.

ஆனால், அதே அறிவிக்கை கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. அந்தத் தெருவில் இத்தனை வருடம் குடியிருப்பவர்களைக் கூப்பிட்டு யாரும் கேட்கப் போவதில்லை. அவர்கள் சார்பில் பேச அந்த ஆய்வறிக்கைதான் இருக்கிறது. ஆய்வு செய்யும் ஆலோசகருக்குப் பணம் கொடுப்பவரோ பெரும்பாலும் திட்டத்தைக் கட்டுபவர்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கட்டடமும் கூட்டும் நெரிசல் சின்னதாகத்தான் தெரியும். ஒரே சாலையில் பத்துக் கட்டடங்கள் வந்த பிறகுதான், ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நிற்கும்போது மொத்தக் கணக்கும் புரியும்.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் திட்டங்களின் விண்ணப்பங்களை மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். அங்கே கிடைக்காததை 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்கலாம். அறிக்கை கைக்கு வந்தால் இந்த நான்கையும் கவனியுங்கள்.

• வண்டிகளை எண்ணிய நாள் எது? பள்ளிகள் திறந்திருந்த வேலை நாளா, கோடை விடுமுறையா?

• எத்தனை கேட், எந்தெந்தச் சாலையில்? எல்லா வண்டிகளும் ஒரே கேட்டை நம்பி இருக்கின்றனவா?

• அதே சாலையில் ஏற்கெனவே அனுமதி வாங்கிய மற்ற கட்டடங்களின் வண்டிகளையும் சேர்த்தார்களா?

• பஸ் ஸ்டாப் வரை நடைபாதை உண்டா? கார்களை மட்டும் எண்ணிவிட்டு, நடந்து போகும் பாட்டியையும் பள்ளிப் பிள்ளைகளையும் விட்டுவிட்டார்களா?

புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று பார்க்கிறோம், குடிநீர் வருமா என்று விசாரிக்கிறோம். அதோடு, வேலை நாள் காலை எட்டரை மணிக்கு அந்த கேட் முன்பு அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஆய்வறிக்கை சொல்வது சரிதானா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.