ஏந்தலும் நகரும்

மதுரையின் வடபால், அழகர்கோவில் சாலைக்கும் நத்தம் சாலைக்கும் இடைப்பட்ட வயல்வெளி ஒரு தலைமுறைக் காலத்திற்குள் புறநகராக மாறிவிட்டது. அங்குள்ள கண்ணனேந்தல் 2011ஆம் ஆண்டுவரை ஓர் ஊராட்சி. அவ்வாண்டு திருப்பாலை, உத்தங்குடி முதலிய ஊர்களோடு அதுவும் மாநகராட்சியில் இணைக்கப்பெற்றது. ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரப் பரப்பு 148 ஆக விரிந்தது. 72 வார்டுகள் 100 ஆயின. வளர்ச்சியைக் காட்ட இவ்வெண்கள் போதும். நாம் இங்கு நோக்க விழைவது ஊரின் பெயரை.

'ஏந்தல்' என்றால் உயர்ந்தோன், பெருமைக்குரியோன் என்பது நம் இல்லங்கள் அறிந்த பொருள். 'ஏந்தல் நபி' என்னும் தொடர் ஒலிக்காத மீலாது மேடை நம்மிடையே அரிது. ஆயின், பாண்டிநாட்டு ஊர்ப்பெயர்களில் இச்சொல் மழைநீரை ஏந்தி நிற்கும் சிறு நீர்நிலையைக் குறிக்கும். கண்ணனேந்தலை அடுத்துள்ள கடச்சனேந்தலும் அத்தகையதே. வடதமிழகத்தார் இதனைத் 'தாங்கல்' என்பர். வேடந்தாங்கல், சென்னையின் பழவந்தாங்கல் ஆகியவற்றைக் காண்க. ஏந்துவதும் தாங்குவதும் ஒரே செயலன்றோ!

இந்நீர்நிலைகள் தனித்தனியே வாழ்பவை அல்ல. மேட்டுக் கண்மாய் நிறைந்ததும் மிகைநீர் கலுங்கு வழியே இறங்கி, வாய்க்காலில் ஓடி, அடுத்த கண்மாயைச் சேரும். மடை திறந்தால் வயலுக்குப் பாயும். வயல்கள் மனைகளாகும்போது கரை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. குறுகிய வாய்க்கால்தான் முதலில் தெருவாகிறது. விளைவு இரண்டு: கீழ்க் கண்மாய் வறள்கிறது, மேலே தேங்கிய நீர் வீட்டிற்குள் நுழைகிறது. 2024 அக்டோபர் 25 அன்று சிறிது நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் செல்லூர் முதலிய வடகரைப் பகுதிகள் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

குற்றத்தை மனை வாங்கிய எளியோர் தலையில் மட்டும் ஏற்றுதல் முறையன்று. உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் 2004இல் உயர்நீதிமன்றக் கிளை எழுந்தது. மாநகராட்சி மாளிகையே தல்லாகுளத்தில் நிற்கிறது, குளத்தைத்தான் காணோம். 2023இல் திறக்கப்பெற்ற 7.3 கிலோமீட்டர் நீள மேம்பாலமும் தல்லாகுளப் பகுதியில் தொடங்கிச் செட்டிகுளம் அருகே இறங்குகிறது. ஊர்திகள் குளம்விட்டுக் குளம் பாய்கின்றன; நீருக்குத்தான் வழியில்லை.

புதிய குடியிருப்புகளோ பெரும்பாலும் 'நகர்' என்றே முடிகின்றன. அப்பெயர்களிலிருந்து நீரின் போக்கை எவரும் அறிய இயலாது. மடைக்கும் கலுங்குக்கும் வாய்க்காலுக்கும் ஊரார் இட்டு வழங்கிய பெயர்கள், முன்னாள் நீர்ப்பாய்ச்சிகள் சிலரின் நினைவில் மட்டும் எஞ்சியுள்ளன. நம் துறை மாணவர்கள் விடுமுறை நாள்களில் அம்முதியோரைக் கண்டு, அவற்றைக் கேட்டெழுதி, வரைபடத்தில் குறிக்கலாம். கல்லூரியிலிருந்து பேருந்தில் சென்று வரும் தொலைவுதான்.